தஞ்சாவூர்ப் பையன்

சிகந்தராபாத் மெட்டுகூடாவில் கம்பெனி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் உமேஷுக்குக் கண் செருகிவிடும். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. தார்நாக்காவில் ஆட்கள் ஏறுவது தெரியும். யாரோ கண்ணாடியை இழுத்துச் சாத்துவது தெரியும். பக்கத்து சீட்டு சாய்குமாரின் தோளில் தன் தலை சாய்வதும் தெரியும். ஆனால் வெளியே ஓடுவது ரோடாக இருக்காது. அகலமான, சேற்று நிற ஆறாக இருக்கும். அதன் கரையில் ஒரு பாறைமேல் ஒரு பெண் ஈரத் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள், எழுந்தால் எந்தப் பக்கம் நடப்பாள் என்று பார்த்துக்கொண்டே போவான். நாச்சாரத்தில் மருந்துக் கம்பெனி வாடை மூக்கில் ஏறும்போது ஆறு வற்றிவிடும். மல்லாபூரில் இறங்கும்போது பாதிக் கதை கையில் இருக்கும்.

மல்லாபூரில் அவன் வேலை பார்ப்பது பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில். எந்த லாரிக்கு எந்த அட்டைப்பெட்டி என்று பார்த்து ஏற்றி அனுப்புவது அவன் பொறுப்பு. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, மௌலாலிக் குன்றைப் பார்த்தபடி உட்காருவான். யாரோ ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கி, பாதியில் மறந்துவிட்டுப் போனது போன்ற பாறைகள். காலையில் பஸ்ஸில் கண்டதை அப்போது போனில் தட்டி வைப்பான். தமிழ் படிக்கத் தெரியாத சாய்குமார் எட்டிப் பார்ப்பான். டிஸ்பாட்ச்காரன் எழுத்துக்கூடப் பெட்டி பெட்டியாகத்தான் இருக்கிறது என்று கேலி செய்துவிட்டு ஊறுகாயை எடுத்துக்கொள்வான்.

உமேஷின் கொள்ளுத்தாத்தா, வெள்ளைக்காரன் காலத்தில், சிகந்தராபாத் பட்டாளத்துக்கு மளிகை சப்ளை செய்தவரிடம் வேலைக்கு வந்தவர். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாரும் திரும்பிப் போகவில்லை. லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்த அப்பாகூடத் தஞ்சாவூரைப் பார்த்தது இரண்டு முறைதான். ஆனாலும் எந்த ஊர் என்று யார் கேட்டாலும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பதில், தஞ்சாவூர். உமேஷும் ஒரு தடவை போயிருக்கிறான், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு. லாட்ஜிலிருந்து மண்டபத்துக்கும், மண்டபத்திலிருந்து லாட்ஜுக்கும் வேனில் அழைத்துப் போனார்கள். அன்றைக்கென்று நல்ல மழை. வேன் கண்ணாடியில் வழிந்த தண்ணீர்தான் அவன் பார்த்த காவிரி.

அப்பா வாங்கிக் கட்டி வைத்த வார இதழ்களை வைத்துத்தான் அவனும் அவன் அக்கா கனகமும் தமிழ் எழுத்துக் கூட்டினார்கள். அந்தத் தொடர்கதைகளில் எப்போதும் ஓர் ஆறு ஓடும். ஆறு இல்லாத இடத்தில் கதை நடக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே கிடையாது. ஆகவே எழுத ஆரம்பித்தபோது காவிரிக் கரையில் வெள்ளைக்கரை என்று ஒரு கிராமத்தை மனதில் கட்டிக்கொண்டான். அதில் தெருக்கள் போட்டான், ஆட்களைக் குடிவைத்தான். அவன் எழுதிய கதையெல்லாம் அங்கேதான் நடந்தது. சிகந்தராபாதில் நடப்பதாக எழுதலாமே என்று ஒருமுறை அவன் மனைவி சுபாஸ்ரீ கேட்டதற்குச் சிரித்துவிட்டான். பாதி தெலுங்கும் கால்வாசி உருதுவும் கலந்த இந்தப் பேச்சை எழுதினால் அதைத் தமிழ்க் கதை என்று யார் ஒப்புக்கொள்வார்கள்? அவன் பெண் சாஹித்யாவே அவன் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்கிறாள். வெள்ளைக்கரை இருக்கிறவரைக்கும் தான் ஒரு தமிழ் எழுத்தாளன். அந்த ஊர் போய்விட்டால் தான் மூடி ஏற்றி அனுப்புகிறவன், அவ்வளவே. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

கதையை முதலில் படிப்பது கனகம். உமேஷைவிட ஒன்பது வயது மூத்தவள். பத்தாவதோடு படிப்பை விட்டுத் தையல் பழகியவள். இப்போதும் அடுத்த தெருவில், முன்னறையில் மிஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். போனில் படித்தால் அவளுக்கு ஒட்டாது. உமேஷ் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கத்தரிக்கோலை ஒதுக்கி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸோடு உட்காருவாள். கதை நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை வராது. "சமையல்கட்டுக்குள்ள போறப்போ அவ கையில விளக்கு இருந்துச்சு. வெளியில வர்றப்போ இல்ல. எங்க வெச்சா?" என்பாள். உமேஷ் விளக்கை எங்காவது வைத்தாக வேண்டும். ஆனால் அவன் தலை மறைந்ததும், அளவு கொடுக்க வந்தவர்களிடமெல்லாம் தம்பியின் கதையை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொல்லித்தான் அனுப்புவாள்.

சென்னையில் சிறிய பதிப்பகமும் ஒரு காலாண்டு இதழும் நடத்தும் ஜம்புநாதன், உமேஷின் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுவதாகச் சொன்னபோது, உமேஷைவிட அதிகம் தூக்கம் கெட்டது கனகத்துக்குத்தான். வெளியீட்டு விழாவுக்கென்று சட்டைத் துணி எடுத்து வைத்துவிட்டாள். வெகுகாலமாக அவளிடம் தைத்துக்கொள்ளும் அம்மணி ஒவ்வொரு தடவையும் கேட்பாள், புத்தகம் வருகிறதா, இல்லை உன் தம்பியைப் போலப் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டதா என்று. வரும்போது நீயே காசு கொடுத்து வாங்குவாய் என்பாள் கனகம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மத்தியான வேளையில் ஜம்புநாதனின் போன் வந்தது. கதைகளை ஒருசேரப் படித்துவிட்டாராம். நடை நன்றாக இருக்கிறதாம். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார்.

"உமேஷ் சார், உங்க வெள்ளைக்கரையில எங்க பார்த்தாலும் பாறையா இருக்கே."

"ஆமா சார். ஆத்தங்கரைப் பாறை."

"டெல்டாவுல பாறை கிடையாது சார். நான் அந்தப் பக்கத்துக்காரன். எங்க ஊர்ல அம்மி கொத்தக்கூடக் கல்லு வெளியிலேர்ந்துதான் வரும்."

அது மட்டுமில்லை. காவிரிக் கரையில் இருக்கிற ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குழாயில் தண்ணீர் வருகிறது. பெண்கள் டிரம்மோடு காத்துக் கிடக்கிறார்கள். ஆடியில் அடுக்குப் பானையில் வேப்பிலை கட்டி, மேலே விளக்கேற்றித் தலையில் சுமந்து போகிறார்கள். உடம்பெல்லாம் மஞ்சள் பூசிய ஒருவன் சாட்டையைச் சுழற்றிக்கொண்டு முன்னால் ஆடுகிறான். பச்சை மண்பானைமேல் ஒரு பெண் ஏறி நின்று வருஷ பலன் சொல்கிறாள். இதெல்லாம் எந்தத் தஞ்சாவூரில் என்று கேட்டார் ஜம்புநாதன். கோபமாகக் கேட்கவில்லை. இவற்றை எடுத்துவிட்டுக் கொடுத்தால் ஜனவரிப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம், பெரிய வேலையில்லை என்றார்.

உமேஷ் சரி என்று சொல்லி வைத்துவிட்டான். காது சுட்டது. ஆடி மாதம் என்றால் எல்லாத் தமிழ் ஊரிலும் அப்படித்தான் என்று இத்தனை வயதுவரை நினைத்திருந்தான். எதிரே மௌலாலிப் பாறைகள் வெயிலில் சும்மா நின்றன.

மறுநாளிலிருந்து எடுக்க ஆரம்பித்தான். முதலில் பாறையை எடுத்தான். பஸ்ஸில் கண்ணை மூடினால் ஆறு வந்தது, கரை வந்தது, அந்தப் பெண்ணும் வந்தாள். ஈரத் தலையோடு நின்றாள். உட்கார இடம் தேடிக் கரையோரமாக நடந்தாள். அவன் ஒரு படித்துறையைக் கட்டிக் கொடுத்தான். அவள் அதில் உட்காரவில்லை, வேறு யாரோ வீட்டு நாற்காலியைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள். தண்ணீர் வரும் நாளை எடுத்தபோது, விடியலில் அவளுக்கு எழுந்திருக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. பானையை எடுத்ததும் தெருவே வெறிச்சோடியது. ஒரு வாரத்தில் வெள்ளைக்கரையில் மிஞ்சியது ஆறும் நான்கு தென்னை மரங்களும்தான். அவற்றை அவன் எங்கே பார்த்தான் என்று அவனுக்கே நன்றாகத் தெரியும். பழைய வார இதழ்களில், தொடர்கதைக்கு மேலே போட்டிருந்த கோட்டுப் படத்தில்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சட்டைக்கு அளவெடுக்கக் கூப்பிட்டபோது ஓவர்டைம் என்று நழுவினான்.

ஆடி மாதத்து அம்மன் திருவிழாவான போனாலு ஞாயிறு வந்தது. கனகம், சாஹித்யாவுக்குப் பட்டுப்பாவாடை தைத்து உடுத்தி, தானே கையைப் பிடித்து ஜெனரல் பஜாருக்கு நடத்திக்கொண்டு வந்தாள். உமேஷ் பின்னால் வந்தான். இரவு பெய்த மழையில் ரோடு முழுக்க மஞ்சள் நீர். வேப்பிலை வாசனையும் சாம்பிராணியும் கலந்து, நடப்பது தரையிலா வேறெங்காவதா என்று ஒரு மயக்கம். தலையில் விளக்கெரியும் பானைகளோடு பெண்கள் வரிசையாக வந்தார்கள். மேகமூட்டமான அந்தக் காலை வெளிச்சத்தில், முன்னால் நின்ற கூட்டம் மறைத்ததில் பெண்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்குகள் மட்டும் ஒரே உயரத்தில் மிதந்து போவது போல இருந்தது. தன் கதையில் எழுதியதும் இப்படியேதான் என்று உமேஷ் நினைத்தான். எடுத்துவிட்டதும் இதைத்தான்.

மூடிக் கிடந்த ஒரு நகைக்கடையின் படியில் மூவரும் ஒதுங்கினார்கள். போலீஸ் பந்தலிலிருந்து மைக் விடாமல் பேசிக்கொண்டிருந்தது. பச்சைப் பாவாடை கட்டிய ஒரு பெண் குழந்தை, ஊர் ஜனகாம, பந்தலில் இருக்கிறது, வந்து கூட்டிப் போகவும். சாஹித்யா அத்தையின் புடவையை இழுத்து, நான் தொலைந்துபோனால் என்ன சொல்ல வேண்டும் என்று தெலுங்கில் கேட்டாள்.

"மெட்டுகூடான்னு சொல்லு. உங்கப்பன் மாதிரி தஞ்சாவூர்னு சொல்லி வெக்காதே" என்றாள் கனகம்.

இது வருஷா வருஷம் வருகிற கதை. உமேஷுக்கு ஏழு வயதில் இதே போனாலுக் கூட்டத்தில் அவன் கை நழுவிவிட்டது. யாரோ தூக்கிப்போய்ப் பந்தலில் உட்கார வைத்தார்கள். எந்த ஊர் என்று கேட்டதற்கு, வீட்டில் எல்லோரும் சொல்வதை அவனும் சொன்னான். போலீஸ்காரர் அதையே மைக்கில் சொன்னார், தஞ்சாவூர்ப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று. இந்த இடத்தில் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். கதை அத்தோடு முடியும். உமேஷும் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவான்.

அன்று அவன் சிரிக்கவில்லை. "அப்ப நீ எங்க இருந்தேக்கா?" என்றான்.

கனகம் கைக்குட்டையால் சாஹித்யாவின் நெற்றியைத் துடைத்தாள். பந்தலுக்கு நேர் எதிரேதான் இருந்தேன் என்றாள். பதினாறு வயது, காலில் செருப்பில்லை, ஒவ்வொரு கடையாக நுழைந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"மைக்குல சொன்னது நல்லாக் கேட்டுச்சுடா. தஞ்சாவூர்ப் பையன்னான். யாரோ பாவம், அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து புள்ளையத் தொலைச்சிட்டாங்கன்னு நெனச்சேன். அந்தப் பக்கமே திரும்பல. நான் என் தம்பியத் தேடிட்டு இருந்தேன்."

உமேஷ் பந்தலைப் பார்த்தான். சாட்டை ஒன்று எங்கோ சொடுக்கியது. பிறகு எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டான். இத்தனை வருஷத்தில் அதை அவன் கேட்டதே இல்லை.

யாரும் வராததால் போலீஸ்காரர் அவனையே மைக் முன்னால் தூக்கி நிறுத்திவிட்டாராம். உன் அக்காவை நீயே கூப்பிடு என்று சொன்னாராம்.

"நீ கூப்பிட்டே. 'அக்கா, கைக்கு வரல? இக்கட உக்காந்திருக்கேன், ஜல்தி வா'ன்னே." கனகம் அதை அன்றைய ஏழு வயதுக் குரலிலேயே சொன்னாள். ஏன் என்பதற்கும் சீக்கிரம் என்பதற்கும் உருது, இங்கே என்பதற்குத் தெலுங்கு, மற்றதெல்லாம் தமிழ். "அதுக்கப்புறம் எந்த ஊர்னு யாரு கேக்கணும்? அப்படிப் பேசற புள்ளை உலகத்துலயே ஒண்ணுதான். எங்க வீட்டுது."

சொல்லிவிட்டு அவள் மிதக்கும் விளக்குகளைப் பார்க்கத் தொடங்கினாள். உமேஷுக்குத் தன் குரலே அந்த மைக்கிலிருந்து ஒருமுறை வந்து போனது போல இருந்தது. தூரத்திலிருந்து, நீருக்கடியிலிருந்து வருவது போல. அந்தக் கணத்தில் அவன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஜம்புநாதன் சொன்னதை, பாறையை எடுத்ததை, எடுத்தால்தான் ஜனவரியில் புத்தகம் என்பதை. அவள் முகம் வாடும் என்று எதிர்பார்த்தான். கனகம், கதையில் விளக்கு காணாமல் போனபோது பார்க்கிற அதே பார்வையைப் பார்த்தாள்.

"பாறைய எடுத்துட்டா அந்தப் பொண்ணு எங்கடா உக்காருவா?"

"அதான் தெரியலக்கா."

"உக்கார எடமில்லாம ஒருத்திய நிக்க வெச்சு புஸ்தகம் போடுவியா? நக்கோடா, வேண்டாம். சட்டைத் துணி எங்கயும் ஓடிப் போகாது."

திங்கட்கிழமை மத்தியானம், டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் உமேஷ் சென்னைக்குப் போன் செய்தான். ஜம்புநாதன் திருத்தம் முடிந்ததா என்று கேட்டார்.

"பாறைய எடுக்கல சார். ஆத்தை எடுத்துடறேன்."

ஆற்றை எடுத்தால் எல்லாக் கதையையும் திரும்ப எழுத வேண்டுமே என்றார். ஆமாம் என்றான் உமேஷ். அப்படியானால் ஜனவரி நடக்காது, எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க முடியாது என்றார் ஜம்புநாதன். நியாயமான பேச்சுதான். சாய்குமார் தன் டப்பாவிலிருந்து ஒரு வடையை எடுத்து அவன் டப்பாவின் மூடிமேல் வைத்தான்.

மறுநாள் காலை பஸ்ஸில் கண் செருகியபோது ஆறு வரவில்லை. ரோடு வந்தது. தார்நாக்காவில் ஆட்கள் ஏறினார்கள். கனவிலும் அவர்களேதான் ஏறினார்கள். மௌலாலிப் பாறைகளுக்குக் கீழே, ஒரு குழாயடியில், டிரம்களின் வரிசை நின்றது. ஈரத் தலையோடு அந்தப் பெண் வந்தாள். சுற்றிப் பார்த்தாள். பிறகு, எத்தனையோ நாளாக அங்கேயே உட்காருகிறவள் போல ஒரு பாறைமேல் ஏறி, பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்பது முதல் தடவையாக அவனுக்குத் தெரிந்தது. அன்று தண்ணீர் வரும் நாள். அவள் யாரையோ திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை கூப்பிட்டாள். நாச்சார வாடை மூக்கில் ஏறியது. அவள் கலையவில்லை, அந்த வாடைக்கு முகத்தைச் சுளித்தாள்.

திரும்ப எழுதியதில் முதலில் முடிந்தது தொலைந்துபோன பையனின் கதை. மழைக்காலம் முழுக்க எழுதினான். பெயர்களை மாற்றினான். பந்தலை வேறு தெருவுக்குத் தள்ளினான். அக்காவுக்குச் செருப்புக் கொடுத்துப் பார்த்து, மறுபடி கழற்றிவிட்டான். மைக்கில் பையன் பேசுகிற அந்த வரியை மட்டும் தொடவில்லை. ஜம்புநாதனிடமிருந்து ஒரு வரிப் பதில் வந்தது. தன் இதழில் போடுகிறாராம். மற்றவையும் எழுதி முடிந்ததும் அனுப்பச் சொன்னார்.

அவருக்கு அனுப்புவதற்கு முன்னால், எப்போதும் போல, பிரிண்ட் எடுத்துக்கொண்டு கனகத்திடம்தான் முதலில் போயிருந்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, நீலச் சாக்பீஸோடு உட்கார்ந்தாள். மெதுவாகப் படித்தாள். ஓரிடத்தில் மூக்கை உறிஞ்சினாள். படித்து முடித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்பி ஒரு கோடு போட்டாள்.

"அன்னிக்கு நீ போட்டிருந்தது நீலச் சட்டை. மஞ்சள்னு எழுதியிருக்கே."

"தெரியும்க்கா."

"நான் தச்ச மொத சட்டைடா அது. காலர் கோணலாப் போயிருந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

"நீலச் சட்டைன்னா தூரத்திலேயே தெரிஞ்சிடும். அந்த மஞ்சக் கூட்டத்துல மஞ்சச் சட்டைன்னாத்தான் அக்காவால கண்டுபிடிக்க முடியாது. குரலை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

கனகம் சாக்பீஸை விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு புறங்கையால் அந்தக் கோட்டைத் தேய்த்தாள். காகிதத்தில் மேகம் போல ஒரு நீலத் தீற்றல் நின்றது. காலர் கோணலையாவது எழுது என்றாள். எழுதுகிறேன் என்றான்.

அடுத்த வாரம் ஒரு மாலையில், பிரிண்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தவன் வாசலில் நின்றுவிட்டான். உள்ளே மிஷின் ஓடவில்லை. அம்மணி அளவு கொடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். டேப்பை அவள் தோளிலேயே விட்டுவிட்டு, கனகம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தகம் இன்னும் வரவில்லையே என்று அம்மணி எப்போதும் போல் கேட்டிருக்க வேண்டும்.

"வரும். அவசரமா தச்சா தையல் நிக்குமா?" என்றாள் கனகம். "நீ இதக் கேளு. சுத்தி எங்க பார்த்தாலும் மஞ்சள். என் தம்பியும் மஞ்சச் சட்டை. நானே தச்சது, காலர் கொஞ்சம் கோணல். அந்தக் கூட்டத்துல நான் எப்படித் தேடுவேன், சொல்லு?"

உமேஷ் செருப்பைக் கழற்றாமல், மைக்கில் அந்தக் குரல் வருகிற இடம்வரைக்கும் வாசலிலேயே நின்று கேட்டான்.